பூசைக்குத் துடைத்த கணினி

ஆயுத பூசைப் பொரியை யாராவது நீட்டினால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. பொரி என்ன பாவம் செய்தது? ஆனாலும் வருகிறது.

ராஜபாளையத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. பஞ்சாலை மிஷின்களை ஓட்டும் கன்ட்ரோல் பெட்டிகளைச் செய்கிறோம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குட்டிக் கணினி, அதற்கு ஒரு இயங்குதளம். நாங்கள் எழுதும் மூல நிரலிலிருந்து அந்த இயங்குதளத்தைப் பெட்டியில் ஓடும் வடிவத்துக்குக் கட்டி எடுப்பது என் பொறுப்பு. நான் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு வரியை மாற்றினாலும் ஆயிரக்கணக்கான கோப்புகளையும் முதலிலிருந்து கட்டுவார்கள். சட்டைப் பொத்தான் அறுந்ததற்குப் பருத்தி விதைக்கப் போகிற கதை. முடிய மறுநாள் ஆகிவிடும்.

அதை நான்தான் மாற்றினேன். ஒருமுறை கட்டிய துண்டுகளையெல்லாம் ஆபீஸ் கணினியில் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைக்க ஏற்பாடு செய்தேன். அடுத்த முறை மாறாத துண்டுகள் அங்கிருந்து வந்துவிடும், மாறியதை மட்டும் புதிதாகக் கட்டினால் போதும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்தது. "அப்ப உமக்கு எதுக்குத் தம்பி முழுச் சம்பளம்?" என்று முதலாளி சிரித்தார். அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

செட்டியார்பட்டியைத் தாண்டி ஒரு மில்லில் என் அக்கா வேலை பார்த்தாள். அங்கே ஓடியதும் எங்கள் பெட்டிதான். ஆயுத பூசை அன்று மில் லீவு. காலையில் அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "நேத்து மூடியத் தொறந்து பஞ்சு எடுத்துக்கிட்டு இருந்தேன். கரண்டு போயி வந்துச்சு. மிஷின் தானா ஓட ஆரம்பிச்சுட்டுலே. கைய உருவிட்டேன்."

மூடி திறந்திருந்தால் மிஷின் ஓடவே கூடாது. வீட்டு லேப்டாப்பில் நிரலைத் திறந்து தேடினேன், கிடைத்தது. கரண்டு திரும்பி வந்ததும் எங்கள் பெட்டி மூடியைப் பார்க்காமலே மோட்டாரைக் கிளப்பிவிடுகிறது. திருத்த வேண்டியது ஒரே வரி. ஆனால் கட்டுவதற்கு ஆபீஸ் கணினி வேண்டும். என் லேப்டாப்புக்கு அந்தச் சத்து கிடையாது.

முதலாளிக்கு போன் போட்டு ஆபீஸைத் திறக்கச் சாவி கேட்டேன். "பூசையில வச்சதத் தொடலாமா தம்பி? நாளைக்கு நல்ல நேரத்துல மறுபூசை போட்டுட்டு எடுக்கலாம்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்கே வண்டியை விட்டேன். வாசலில் நின்று சத்தம் போட்டுத்தான் ஆபீஸ் சாவியை வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

கணினிப் பெட்டி சந்தனமும் குங்குமமும் வைத்து மாலையோடு இருந்தது. மாலையைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். டீ குடிக்கும் நேரம் போய்விட்டது, நூறில் ஒரு பங்குகூட முடியவில்லை. ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். துடைத்துவிட்டாற்போல் காலி.

மறுபடி போன். "அண்ணாச்சி, அந்த ஃபோல்டர்ல யாரு கை வச்சது?"

"நாந்தான் தம்பி. பூசைக்குக் குப்ப கூளம் இருக்கக்கூடாதுல்லா? வெளிய தூசியத் துடைச்சேன், உள்ளயும் பழச எல்லாம் அழிச்சேன். எம்புட்டு எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு."

யாரையும் கேட்காமல், பக்தி சிரத்தையோடு அழித்திருக்கிறார். பக்தியை எப்படித் திட்டுவது? இனி ஒவ்வொரு துண்டாக முதலிலிருந்து கட்ட வேண்டும், மறுநாள் மத்தியானம் ஆகிவிடும். மில்லோ காலையிலேயே ஓடும்.

"மில்லுக்கு ஒரு போன் போட்டு, நாளைக்கு அந்த மிஷின ஓட்டாதீகன்னு சொல்லுங்க."

"நம்ம பெட்டியில கோளாறுன்னு நாமளே சொல்லுறதா? விளங்கும்."

மில் மேனேஜரிடம் நானே பேசினேன். "உங்க மொதலாளியச் சொல்லச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அக்காவிடம் வேலைக்குப் போகாதே என்றேன். "நான் போகலன்னா வேற ஒருத்திய அங்க நிறுத்துவாக. அவளுக்கு இது தெரியாதுல்லா? நான் பாத்து இருந்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு விடியற்காலை வேனில் ஏறினாள். நான் ஆபீஸில் உட்கார்ந்து திரையில் ஒவ்வொரு கோப்பாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு எதிரில் ஆள்கூட இல்லை.

மத்தியானம் வேலை முடிந்தது. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பும்போது மில்லிலிருந்து போன் வந்தது. அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம்.

வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. "மெயின அமத்துங்க, பொறவு கைய விடுதேன்னேன். வரிசை பூராம் நின்னுரும், சும்மா எடுன்னு சூப்பர்வைசர் சொல்லுதான். என்ன செய்ய? கைய விட்டேன். கரண்டு போயி வந்துச்சு" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

முதலாளி ஆப்பிள் பையோடு வந்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு தம்பி. எல்லாம் பூசை போட்ட பலன்."

அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். பிடித்ததற்கு இன்றுவரை வருத்தமில்லை. அக்காதான் அதட்டினாள்: "ஏலே, அவிய சட்டைய விடு. அங்க வேற ஆளப் போட்டுருப்பாக. நீ போயி மொதல்ல அதப் பாரு."

போனேன். தரையைக் கழுவி விட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை. அந்த மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தளவாய்புரத்துப் பெண் ஒருத்தி, கல்யாணமான புதுசு, அதன் பக்கத்தில் நின்றாள். நேராகச் சுவரோரம் போய் மெயினை இறக்கினேன். வரிசை முழுக்க நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்தான்.

"யாரக் கேட்டு அமத்துன?"

"யாரையும் கேக்கல" என்றேன். பென்டிரைவை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கப் போனேன். ஒரு கையால் இறக்கக்கூடிய சுவிட்சுதான் அது.