ஆகாயம் இல்லாத ஐந்து

நார்வேயின் லில்லெஸ்ட்ரோம் நிலையத்தில் ஒஸ்லோ ரயிலுக்காகக் காத்திருக்கிறேன். நான் போனில் சென்னைக்குப் பேசியதைக் கேட்ட பக்கத்து இருக்கைப் பெண், "இந்தியாவோ?" என்று சிரிக்கிறார். பஸ் ஓட்டுநர் சீருடை, ஐம்பது வயதிருக்கும், யாழ்ப்பாணத் தமிழ். பேச்சின் நடுவே வறட்டு இருமல்.

அவர் மடியில் ஒரு படம் இருக்கிறது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்தும் வட்டமாக. சீன வைத்தியர் ஒருவர் கொடுத்ததாம்.

"இதுல ஆகாயம் எங்கே? காத்து எங்கே?" என்கிறேன், நம்முடைய ஐம்பூதத்தை நினைத்து.

"நானும் இதைத்தான் கேட்டனான். அவையின்ரை கணக்கு வேறையாம். நுரையீரல் உலோகமாம், அதுக்குரிய உணர்ச்சி துக்கமாம். நாடி பிடிச்சுப்போட்டு, ஆரை இழந்தனீங்கள் எண்டு அந்த வைத்தியர் அம்மா கேட்டா. எனக்குக் கோவம் வந்திட்டுது. இருமலுக்கு வந்த ஆளிட்டை கேக்கிற கேள்வியே?"

"என்ன சொன்னீங்க?"

"படத்தை வாங்கிக்கொண்டு எழும்பி வந்திட்டன். தங்கச்சி மாசியிலை ஊரிலை செத்தவள். செத்தவீட்டுக்குப் போகேல்லை. அடுத்த நாளே வேலைக்குப் போனனான். பஸ் ஓடிக்கொண்டு அழ ஏலுமே?"

அந்த வைத்தியத்தை நம்புகிறாரா என்று கேட்கிறேன்.

"தெரியேல்லை. எக்ஸ்ரே எடுக்கவும் போறன். ஆனா, வேறை ஒருதரும் என்னட்டை அதைக் கேக்கேல்லை."

நான் தங்கையின் பெயரைக் கேட்கிறேன். "வதனி," என்கிறார். பெரிய வாய்க்காரியாம், வீட்டில் வேறு யாரையும் பேச விடமாட்டாளாம். சொல்லும்போதே கண் கலங்குகிறது, சிரிப்பும் வருகிறது.

ஒஸ்லோ ரயில் வந்து நிற்கிறது.

"அடுத்ததிலை போவமே?" என்கிறார்.

தூக்கிய பையை நான் திரும்பக் கீழே வைக்கிறேன்.