சர்டிபிகேட் வாங்கிய கம்பைலர்

கோவையில் பஞ்சு மில் இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவள் நிலோஃபர். கை மாட்டினால் இயந்திரத்தை நிறுத்தவேண்டிய ஒரு வரியை, அவள் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் என்ற மென்பொருள் வேண்டாததென்று தூக்கிவிட்டிருந்தது. அதைச் சரிசெய்தாள். இன்னும் எதையெல்லாம் தூக்கியதோ? விலைக்கு வாங்கிய கம்பைலரைப் பிரித்து உள்ளே பார்க்க வழியில்லை. பிரித்துப் பார்க்கக்கூடிய இலவசக் கம்பைலருக்கு மாறலாமென்று மன்றாடினாள்.

"ஏனம்மணி, ஓசியில எடுத்தது தப்புப் பண்ணுனா யாரப் போய்க் கேக்கறது? இதுக்குச் சர்டிபிகேட் இருக்குதல்ல?" என்றார் அவள் கம்பெனி முதலாளி.

அவள் புரோகிராம் போட்டிருந்த போத்தனூர் மில்லில் மெஷின் ஓட்டும் டெய்சியின் வலது கை மாட்டிப் போயிற்று. அதேபோல் இன்னொரு வரி காணாமல் போயிருந்தது. கம்பைலர் விற்றவர்கள் கைவிரித்தார்கள். சர்டிபிகேட்டைக் காட்டி முதலாளியும் கழன்றுகொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போன நிலோஃபருக்கு டெய்சியின் கணவன் சகாயம் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க," என்றான். பிறகு கேட்டான்: "நாங்க யாரப் போய்க் கேக்கறதுங்க?"