எட்டு ஓட்டை அட்டை

வாப்பாவின் லொறிக்கு முன் அக்சில் வளைந்துபோனதை, அல்லாஹ் எனக்கென்றே பார்த்து அனுப்பிய வரமாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. உம்மா மவுத்தாகி இரண்டு வருடமாகியிருந்தது. வாப்பா என்னை அலுவிகாரையில் தன் தங்கை வீட்டில் விட்டிருந்தார்.

மாமி நல்லவர், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்கே ஐந்து பிள்ளைகள். பாண் வெட்டினால் என் துண்டும் மற்றவர்களுடைய அளவில்தான் இருக்கும். தலை பின்னுகிற வரிசையில் மட்டும் நான் கடைசி. என் முறை வருவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்பதால் நானே கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டு ஓடுவேன். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், எனக்கென்று ஒருவரும் இல்லை. எனக்கென்று இருந்த ஒரே ஆள் தம்புள்ளையில் வெங்காயம் ஏற்றிக் கொழும்பில் இறக்கிக்கொண்டு, பத்து நாளைக்கு ஒருமுறை வந்து ஒரு வேளைச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

நாலந்தைப் பக்கம் ஒரு குழியில் விழுந்து அக்சில் வளைந்தபின், லொறி மாமி வீட்டுப் பலாமரத்தடியில் மரக்கட்டைகளின் மேல் ஏறி நின்றது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. பழையதைக் காய்ச்சி நிமிர்த்தித் தருவதாகக் கொல்லர் சொன்னார். வாப்பா கேட்கவில்லை. பெரிய லொறியின் அக்சில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அது ஏன் என்று நான் கேட்கவில்லை. தேடுவதற்கு நாள் எடுக்கும் என்பதே எனக்குப் போதுமாயிருந்தது.

அந்த மூன்று வாரமும் நான் ராணி. வாப்பா லொறிக்கு அடியில் படுத்திருப்பார், வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் பிளேன்டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்தப் பாதங்களிடம் எல்லாக் கதையும் சொல்வேன். அடியிலிருந்து “ம்” என்று வரும். காலையில் கிரீஸ் மணக்கிற கையால் அவரே எனக்குத் தலை பின்னிவிடுவார். என் பின்னலைவிட மோசமாயிருக்கும். அதை அவிழ்க்காமல் அப்படியே படுத்துக்கொள்வேன்.

கடைசியில் குருநாகலில் ஒரு பழைய இரும்புக் கடையில் பெரிய அக்சில் கிடைத்துவிட்டது. அதைப் பூட்டியும் முடித்தார்கள். அப்போதுதான் அடுத்த தலைவலி. எங்கள் லொறியின் சில்லுகளுக்கு ஆறு ஓட்டை, புது அக்சிலில் சில்லை மாட்டுகிற ஹப்பிலோ எட்டு போல்ட். பின்னால் ஆறு, முன்னால் எட்டு என்று எங்கள் லொறிக்கு இனி இரண்டு ஜாதிக் கால்கள் என்று வாப்பா சிரித்தார். முன்னுக்கு இரண்டு ரிம் கொழும்பில்தான் தேட வேண்டும். சவர்க்காரப் பெட்டி அட்டையொன்றை அந்த எட்டு போல்ட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி அச்செடுத்து, கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தார்.

“ஓட்டைய எண்ணினா மட்டும் போதாது மகள், குறுக்கால அளக்கோணும். ஒவ்வொரு லொறிக்கும் ஒவ்வொரு அளவு. அரை விரல் கூடினாலும் ஏறாது.”

இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அட்டையை ஒளித்தால் இன்னொன்று வெட்டிவிடுவார். அந்த அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. அன்று பின்னேரம், அதே பெட்டியின் மற்றப் பக்கத்தை வெட்டியெடுத்து, வாப்பாவின் அட்டையை மேலே வைத்து, ஒவ்வொரு ஓட்டையையும் அரை விரல் வெளியே தள்ளி ஆணியால் அடித்தேன். எட்டு ஓட்டைக்கும் எத்தனையோ அடி. உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. பிறகு அவருடைய அட்டையை அடுப்பில் வைத்துவிட்டு, என்னுடையதைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன்.

வியாழக்கிழமை விடியற்காலை ரயிலில் வாப்பா கொழும்புக்குப் போனார். சனிக்கிழமை யாரோ ஒரு நண்பருடைய லொறியில் இரண்டு ரிம்மோடு வந்து இறங்கினார். அட்டைக்கு அவை அச்சொட்டாகப் பொருந்தின, ஹப்புக்குப் பொருந்தவில்லை. இரண்டு மூன்று தரம் தூக்கி வைத்துப் பார்த்தார். பிறகு அட்டையை எடுத்துப் போல்ட்டின் மேல் பிடித்தார். அதன் ஓட்டைகளைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டேயிருந்தார். நான் கொப்புளம் வந்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

ரிம்மின் மேல் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். கையை வாங்கி விரித்துப் பார்த்தார்.

“ஆணி அடிக்கக்குள்ள நோகல்லயா மகள்?”

இல்லை என்று தலையாட்டினேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பட்டப்பகலில், பள்ளிக்கூடமும் இல்லாத நாளில், எனக்குத் தலை பின்னத் தொடங்கினார். நெடுநேரம் பின்னினார். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு, கடைகள் பூட்டு. திங்கள் மறுபடி கொழும்புக்குப் போய்ச் சரியான ரிம்மோடு செவ்வாய் வந்தார். புதன் லொறி கட்டையிலிருந்து இறங்கியது. வியாழன் வெங்காயம் ஏற்றப் போய்விட்டது. பழையபடி பத்து நாளைக்கு ஒரு சோறு. நான் வளர்ந்து கல்யாணம் முடித்துப் போகும்வரை அப்படித்தான்.

வாப்பா மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதுகிற விருந்துக்கு மாமியும் நானும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். மாமி தற்செயலாகச் சொன்னார். அந்த வருடம் மாத்தளை ஸ்டேஷனிலிருந்து நாவுலப் பக்கம் கட்டுகிற பாலமொன்றுக்குச் சீமெந்து ஏற்றுகிற வேலை வாப்பாவுக்கு வர இருந்ததாம். பாரம் தாங்கும் லொறியாக வேண்டும், திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்பதுதான் பேச்சாம். மஃரிப் தொழுகைக்கு முன்னால் வீடு வந்துவிடலாம். பல்லேபொலையில் இரண்டு பேருக்குப் போதுமான ஒரு சின்ன வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாராம். அந்தத் திங்கட்கிழமை எங்கள் லொறி கட்டையிலேயே நிற்க, வேறு லொறி போய் நின்றுவிட்டது.

“கொழும்பில எவனோ பிழையான ரிம்மக் குடுத்து ஏமாத்திட்டான்னு சொன்னாரு. பாவம், ஒங்கள கூட்டிக்கிட்டுப் போவத்தான் அவ்வளவு பாடும் பட்டாரு.”

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தேன். அந்த அட்டையைப் பற்றி இன்றைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை, பின்னி முடித்ததும், வாப்பாவோடு இன்னும் இரண்டு நாள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பலாமரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். பொருந்தாத ரிம்மின் மேல் உட்கார்ந்தபடி வாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.