நாற்பத்தொன்றுக்கு என் குரல்

வகுப்பில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வருகைப் பதிவேட்டில் எனக்கு முன்னால் இருந்தாள். அவள் நாற்பத்தொன்று, நான் நாற்பத்திரண்டு. எங்கள் மிஸ்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். நம்பர் சொல்வார்கள், நாங்கள் "எஸ் மிஸ்" என்போம், பேனா ஒரு கோடு போடும், அவ்வளவுதான். இரண்டு வருடம் தினமும் அவள் குரல் முடிந்த இடத்தில்தான் என் குரல் ஆரம்பித்தது. இன்றைக்கும் யாராவது வரிசையாக நம்பர் கூப்பிட்டால், எனக்கு முன்னால் ஒரு கரகரத்த குரலுக்காகக் காது காத்திருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரி, சரித்திரம், இரண்டாம் ஆண்டு. நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு காலனியிலிருந்து நடந்து வருவேன். அவள் பல்லாவரத்திலிருந்து ரயிலில் வருவாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு அங்கே ஒரு தோல் கம்பெனியில், வெளிநாட்டுக்குப் போகும் ஷூக்களுக்குத் தோல் ஒட்டுகிற வேலை.

அவள் வாயைத் திறந்தால் எனக்குப் பொழுது போவதே தெரியாது. காலை ரயில் கூட்டத்தைப் பற்றி ஒரு நாள் சொன்னாள்: "மூச்ச வெளிய வுட்டா திரும்ப உள்ள இஸ்துக்க எடமில்லடி." யாராவது திட்டினால், "வுடு, அவங்க வாய்க்கும் ஒரு வேல வோணாமா?" இதையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்வேன். எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இப்படிப் பேசுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை கல்லூரி வாசலில் கையில் நோட்டுப் புத்தகம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி இப்டி ஆடி அசைஞ்சி வர? அடுத்த வண்டிக்கு நான் திரும்பணும்" என்றாள். "எங்கம்மாக்கு டைபாய்டு. எந்திரிக்கவே முடில. கம்பெனில அவசர ஆர்டரு, சனிக்கெழம கப்பல் ஏத்தணுமாம். ஆள் வரலன்னா வேற ஆள் போட்டுக்குவேன்னுட்டாரு சூப்ரவைசரு. அம்மா எடத்துல நான் போயி குந்திக்கறேன். ஒரு வாரம்."

"அட்டெண்டன்ஸ்?" என்றேன்.

அதுதான் விஷயம். மழைக்காலத்தில் அம்மை போட்டு அவள் ஏற்கெனவே நிறைய நாள் விட்டிருந்தாள். இன்னும் மூன்று நாள் போனால் ஹால் டிக்கெட் கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பரீட்சை எழுதாவிட்டால் ஒரு வருடம் வீண். அந்த வருடம் வீணானால் அவள் அதன் பிறகு படிக்க வரமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அதான் உன்னாண்ட வந்தேன். அங்க எங்கம்மாக்கு நான் பிராக்ஸி. இங்க எனக்கு நீ" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் ஓடினாள். இதில் அவள் சிரிக்க வேறு செய்தாள்.

கிளாஸ் மிஸ் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார், அந்தத் தைரியம்தான். நாற்பதுக்குப் பதில் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, தொண்டையை அடைத்து, அவள் குரலில் ஒரு "எஸ் மிஸ்". அடுத்து என் சொந்தக் குரலில் இன்னொன்று. முன் பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்து, "உனக்குச் சளியா, இல்ல உள்ள யாராவது குடியிருக்காங்களா?" என்றாள். மிஸ் நிமிரவில்லை. திங்கள் தப்பித்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தயிர்சாதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழக்கமாக என் மாவடு முழுவதும் அவளுக்கு. அவள் டப்பாவின் மூலையில் இருக்கும் நெத்திலி வறுவல் எனக்கு. எங்கள் வீட்டில் மீன் வாடையே ஆகாது. அந்த ரகசியம் அவள் டப்பாவோடு சரி. அன்று மாவடு அப்படியே வீடு திரும்பியது. "ஏண்டி சாப்பிடல, பிடிக்கலையா?" என்று அம்மா கேட்டாள். என்னவென்று சொல்வது?

புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் அடித்தது. படுத்திருந்தால் இரண்டு பேருக்கு ஆப்சென்ட் விழும். மாத்திரை போட்டுக்கொண்டு, மழையில் நனைந்து போனேன். போன வாரத் தேர்வு விடைத்தாளைக் கொடுத்தார்கள். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க். காட்டுவதற்குப் பக்கத்தில் திரும்பினேன். அவள் இடத்தில் என் பை இருந்தது.

வியாழக்கிழமை பொறுக்கவில்லை. பாடம் நடக்கும்போதே எந்த ரயிலைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் சானடோரியம், குரோம்பேட்டை தாண்டிப் பல்லாவரத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்துக் கம்பெனி வாசலுக்குப் போனேன். டீ நேரத்துக்கு வெளியே வந்தாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருந்தது. நகக்கண் கறுத்திருந்தது.

"இன்னாடி, இங்கயும் வந்துட்டியா! என் எடம் அப்டியே கீதா? யாரும் குந்தலியே?"

"பை வச்சிருக்கேன்."

"பையி படிச்சா சர்தான்" என்றாள். கால் மணி நேரம்தான் இருந்தது. அவள் டீயை ஊதிக் குடிக்க, புதன்கிழமை வரைக்கும் நடந்த பாடத்தைப் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி சொன்னேன். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளம்பிய கதை. புதுத் தலைப்பாகையில் தோல் வைத்ததால் வந்த வினை என்றதும் அவளுக்குப் புரையேறிவிட்டது.

"தோலுக்கா சண்ட? நான் காலைலேர்ந்து அதான ஒட்டிகினு கீறேன்!"

உள்ளே மணி அடித்தது. "தலவலிக்குது, அழலாம்னு பாத்தேன். அதுக்குக்கூட நேரமில்லடி" என்றபடி ஓடினாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் கரண்ட் போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போகாமல் ரயில் ஏறிக் கல்லூரிக்கு ஓடி வந்தவள், மிஸ் நம்பர் கூப்பிட ஆரம்பித்துவிட்டதால் ஓசைப்படாமல் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் தலை குனிந்து தொண்டையைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"நாற்பத்தொன்று."

"எஸ் மிஸ்" என்றேன். பின்னாலிருந்தும் "எஸ் மிஸ்" என்று கேட்டது.

அந்த நிஜக் குரலைக் கேட்டதும் பயம் வரவில்லை. வந்துவிட்டாள் என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. பயம் அடுத்துதான் வந்தது. மிஸ் அன்றைக்குத்தான் தலையை நிமிர்த்தினார்.

"ரெண்டு பேரும் எழுந்திருங்க."

எழுந்தோம். ஐந்து நாளும் அழிந்தது, ஹால் டிக்கெட் போயிற்று என்று நினைத்தேன். மிஸ் அவளைப் பார்த்து, "புதன்கிழமை என்ன நடத்தினேன்?" என்றார்.

அவள் சொன்னாள்: "வேலூர்க் கோட்ட மிஸ். புதுத் தலப்பால தோல் வெச்சாங்க. நெத்தில பூசாத, தாடி வெக்காதன்னாங்க. சம்பளத்துக்குச் சொன்னத செய்வாங்க மிஸ், அதுக்காக மூஞ்சியயும் மாத்திக்கோன்னா? அதான் எகிறிட்டாங்க." வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நேத்து என்ன நடத்தினேன்?"

நேற்று நான் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ இந்த வாரம் கிளாசுக்கு வராதது நீதான்" என்றார். பதிவேட்டில் நாற்பத்திரண்டுக்கு நேராக இருந்த நான்கு கோடுகளையும் அடித்துவிட்டு, அன்றைக்கும் ஆப்சென்ட் போட்டார்.

"மிஸ், அவ வந்தா மிஸ், நான்தான்..." என்று அவள் பதறினாள்.

"உட்காரு. உன் நம்பர் ஆயிடுச்சு."

எனக்கு நாள் நிறையவே மிச்சம் இருந்தது. ஐந்து போனால் ஒன்றும் ஆகாது. மிஸ்ஸுக்கு அதுவும் தெரிந்திருக்கும். வகுப்பு முடிந்து வராந்தாவில் என்னைக் கடந்து போகும்போது நின்றார். "அவ 'எஸ் மிஸ்'னு வெட்டுன மாதிரி சொல்லுவா. நீ கடைசியில இழுக்கிற. திங்கட்கிழமையே சொல்லணும்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் ஷிஃப்டுக்கு ஓடுவதற்கு முன் அவள் என் மாவடு முழுவதையும் தின்றாள். நெத்திலி இல்லை. "வெறுங்கையா வந்துட்டேன்டி, அடுத்த வாரம் சேத்து எட்த்தாரேன்" என்றாள்.

அவளுக்கு ஹால் டிக்கெட் வந்தது. பரீட்சை எழுதினாள், எல்லாவற்றிலும் பாஸ். ஆனால் காய்ச்சல் விட்ட பிறகும் அவள் அம்மாவின் காலுக்குப் பழைய பலம் வரவில்லை. ஒரு வாரத்துக்கு என்று பிடித்துவைத்த இடத்தில் மகளே உட்காரும்படி ஆயிற்று. விடுமுறையில் இரண்டு தடவை பல்லாவரம் போனேன். மூன்றாவது தடவை வீடு பூட்டியிருந்தது. பொழிச்சலூர் பக்கம் குடி போய்விட்டதாகச் சொன்னார்கள். கம்பெனியும் மாறிவிட்டாளாம். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால், பேரம் பேசுகிற பெண்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நகத்தைப் பார்க்கிறேன்.

மூன்றாம் ஆண்டு முதல் நாள். புதுப் பதிவேடு. படிப்பை நிறுத்தியவர்களை எடுத்துவிட்டு, அடுத்து இருந்தவர்களை ஒரு நம்பர் மேலே ஏற்றியிருந்தார்கள். அதே மிஸ்தான். நாற்பது வரைக்கும் தலை நிமிராமல் வந்தவர் அங்கே நிறுத்தினார். பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாற்பத்தொன்று."

பக்கத்து இடத்தில் என் பையை வைத்திருந்தேன். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "எஸ் மிஸ்" என்றேன், இழுக்காமல்.