மூச்சு கேட்கும் ஸ்பீக்கர்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அலமாரி அளவே உள்ள என் ஒலிப்பதிவு அறைக்கு பெரிய ஸ்டூடியோவுக்கான எட்டு அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கிய மேதாவி நான்தான். பாட்டைப் போட்டால் பாடகரைவிட ஜன்னல் கண்ணாடிதான் அதிகம் பாடியது. சின்ன ஜோடியாக மாற்றிக்கொள்ளக் கிள்ளானில் ஒரு கடைக்குப் போனேன்.

கேட்டுப் பார்க்க என் மனைவி பாடிய தாலாட்டை எடுத்துப் போயிருந்தேன். அவள் இறந்து எட்டு மாதம். அதைப் பதிவு செய்த அன்று, வரிகளுக்கு நடுவே அவள் விட்ட மூச்சையெல்லாம் இரைச்சல் என்று ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தேன். அசலையும் அழித்துவிட்டேன்.

"மூச்சே விடாம பாட நான் என்ன ரேடியோ பெட்டியா லா?" என்று அன்று சிரித்தாள்.

கடையில் மூன்று ஜோடிகளிலும் குரல் அழகாகத்தான் வந்தது. நான் வரிகளுக்கு நடுவில் மட்டும் ஒலியைக் கூட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்டேன். வெட்டியவன் நானேதான், ஏதாவது ஒன்று தப்பியிருக்காதா என்று நப்பாசை.

"என்ன அண்ணே தேடுறீங்க?" என்றார் கடைக்காரர்.

"அவ மூச்சு விடுறது லேசா கேக்கணும் பாஸ். அந்த மாதிரி ஸ்பீக்கர் இருக்கா?"

அவர் பாட்டின் ஒலி அலைகள் கோடாக ஓடிய கணினித் திரையைப் பார்த்தார். வரிகளுக்கு நடுவே வெறும் நேர்கோடு.

"உள்ள இல்லாதது எதுலயும் கேக்காது அண்ணே."