சோலையப்பன் மூட்டையில் இல்லாத நிறம்

அறந்தாங்கி சோலையப்பன் சைக்கிளில் சேலை விற்றவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் மணமேல்குடிக் கடற்கரை ஊர்களில் அவரைத் தெரியாத பெண்களே கிடையாது. சரக்கு சுமார்தான், வாய் மட்டும் அசல் பட்டு. "ஒலகத்துல உள்ள கலரெல்லாம் இந்த மூட்டையில! இல்லாத கலர் ஒண்ணு காட்டுங்க, தொழிலையே விட்டுர்றேன்!" என்று தெருமுனையிலேயே கூவத் தொடங்கிவிடுவார். பாவம், அதை அவரும் நம்பினார்.

ஒருநாள் சந்தனமேரி அவரை நிறுத்தினார். கடலோரம் முழங்கால் தண்ணீரில் நண்டு பிடிக்கிறவர்.

"அண்ணே, ஒடம்பு நீலம், சுத்தி மஞ்சப் பார்டர், முந்தியில செவப்புக் குஞ்சம். இருக்குங்களா?"

மூட்டை முழுக்கத் தெருவில் விரிந்தது. ஒவ்வொரு நீலமாக எடுத்துப் போட்டார். "இதுல உசுரு இல்லண்ணே" என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டார் சந்தனமேரி. சோலையப்பனுக்கு வேர்த்துவிட்டது. "அந்தச் சேலைய எங்க ஆத்தா பாத்தீங்க?"

"சேலை இல்லண்ணே, நத்தை. ஓடு இல்லாத கடல் நத்தை."

தெருவே சிரித்தது. "கொண்டாங்க பாப்போம்" என்றார் சோலையப்பன்.

அடுத்த வாரம் சந்தனமேரி அதை ஓலைப்பெட்டியில் கொண்டுவந்தார். திறந்தால் சளி மாதிரி ஏதோ கிடந்தது. தண்ணீரை விட்டு வெளியே வந்தால் அது அப்படித்தான், சுருங்கி நிறம் செத்துவிடும். சோலையப்பனுக்கு இது போதாதா? போன ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தார். சந்தனமேரிக்கு நிஜமாகவே வலித்தது. பொய்க்காரி என்ற பெயரை அவரால் தாங்க முடியவில்லை.

மறுபடி வந்தவரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். "அது இருக்கிற எடத்துல வந்து பாருங்க. இல்லாட்டி இனிமே எங்க தெருவுல கூவாதீங்க."

கடற்கரையிலேயே பிழைத்தும் கடலில் கால் நனைக்காத மனிதர். வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அலையே இல்லாத அந்தக் கடலில் சாகப் போகிறவர் மாதிரி நடந்தார். கடற்புல் காலைத் தடவியபோது அவர் போட்ட சத்தம் கரைவரை கேட்டதாம். புல் முடிகிற இடத்தில் ஒரு பாறை. அதில் படர்ந்திருந்த கடற்பஞ்சைக் கொறித்தபடி நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது.

சோலையப்பன் குனிந்தார். அப்படி ஒரு நீலம். மஞ்சள் கரை நெளிந்து நெளிந்து ஓடியது. பின்பக்கம் செவுள் செக்கச்செவேலென்று விரிந்திருந்தது.

நிமிர வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. பொய் சொல்லியிருக்கலாம், அதில் அவர் கைதேர்ந்தவர்தான்.

"எங்கிட்ட இல்ல ஆத்தா" என்றார். "சொன்னபடி தொழில விட்டுர்றேன்."

"விட்டுட்டா எங்களுக்குச் சேலை யாரு கொண்டாருவா? கூவுறத மட்டும் மாத்துங்க."

மாற்றினார். "ஒண்ணே ஒண்ணு தவிர எல்லாக் கலரும்!" அதற்கு இன்னும் கூட்டம் கூடியது. முன்பு விழுந்து விழுந்து சிரித்த ஊர்களிலும் பெண்கள் அந்த ஒரு கலர் என்ன என்று கேட்டார்கள். சோலையப்பன் வாயைத் திறப்பார், கையை விரிப்பார், ஒன்றும் வராது.

கடைசியில், "சந்தனமேரியக் கேளுங்க, அவுக பொய் சொல்ல மாட்டாக" என்பார்.