கருநாக்கு

அந்தச் சின்ன விமான ஓடுதளத்தில் அவருக்குக் கருநாக்கு என்று பெயர். இளம் விமானிகள் ஏறி உட்கார்ந்து காத்திருப்பார்கள். அவரோ சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்காமல் இடுப்பில் கை வைத்து நிற்பார்.

"வாய்விட்டுச் சொல்லுங்க. அப்பத்தான் கட்டையை எடுப்பேன்."

"மேல ஏறும்போது இன்ஜின் நின்னா மூக்கைக் கீழ தள்ளுவேன். ரன்வேக்குத் திரும்ப மாட்டேன். எதிர்ல என்ன இருக்கோ அதுலயே இறக்குவேன். போதுமா சார்? கிளம்பும்போதே நல்ல வார்த்தை!"

சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். சிரிக்கட்டுமே, சொன்னால் சரி. ஆபத்து வரும் நேரத்தில் மூளை எங்கே வேலை செய்கிறது? கடைசியாகக் காதில் விழுந்ததைத்தான் கை செய்யும். அது அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது, பாவம்.

ஒரு காலத்தில் அவரும் விமானிதான். ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலிருந்து ஊரைச் சுற்றிக் காட்டுகிற வேலை. அம்மா போனபின் அவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. தையல் மெஷினை மிதித்து மிதித்தே தம்பியை விமானம் ஓட்டப் படிக்க அனுப்பினாள். அவளோ விமானத்தில் ஏறவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "மொட்டை மாடியில என் துணிக்கொடி மேலேருந்து எப்படித் தெரியுதுன்னு மட்டும் சொல்லு, போதும்" என்பாள். வருஷக்கணக்காகக் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார்.

பக்கத்து இருக்கையில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தாள். அவர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"மேல ஏறும்போது இன்ஜின் நின்னா..."

"அடப்பாவி! கிளம்பும்போது பேசுற பேச்சா இது? வாயைக் கழுவுடா!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. இன்னொரு வார்த்தை சொன்னால் இறங்கிப் போய்விடுவாள். இத்தனை வருஷ ஆசை ஆயிற்றே! மீதியை விழுங்கிவிட்டார். மனசுக்குள்ளாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. அக்காவைச் சிரிக்க வைப்பதிலேயே இருந்தார்.

வேலியைத் தாண்டி மரங்களுக்கு மேலே வந்ததும் இன்ஜின் இருமியது, நின்றது. எதிரே அறுவடை முடிந்த வயல். கல் இல்லை, கம்பம் இல்லை, வா வா என்று விரிந்து கிடந்தது. அதில் இறக்கியிருந்தால் சக்கரத்தில் கொஞ்சம் சேறு ஒட்டியதோடு போயிருக்கும். ஆனால் அக்கா "தம்பி!" என்று கத்தினாள். அவர் கை, பின்னால் விட்டுவந்த ஓடுபாதையைத் தேடித் திரும்பியது. உயரமும் போதாது, வேகமும் போதாது. திருப்பிய பக்கத்து இறக்கை சட்டென்று தொங்க, வேலியோரம் போய் விழுந்தார்கள்.

அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அக்காவுக்கு இடுப்பும் வலது காலும் பழையபடி ஆகவே இல்லை. மாடி வீட்டையும் துணிக்கொடியையும் விட்டுவிட்டு, படியே இல்லாத தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவர் அதற்குப் பிறகு விமானம் ஓட்டவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள், அக்காவின் ஊன்றுகோலைப் பார்த்து விசாரித்தாள். அக்காவுக்குக் கேட்க வேண்டுமா? உற்சாகமாகத் தொடங்கிவிட்டாள்.

"ஏறி உக்காந்ததுமே இவன் 'இன்ஜின் நின்னா'ன்னு ஆரம்பிச்சான். கருநாக்கு! பாதி சொன்னதுக்கே என் கால் போச்சு. நான் மட்டும் இவன் வாயை அடைக்காம விட்டிருந்தா, ரெண்டு பேரும் அன்னிக்கே போய்ச் சேர்ந்திருப்போம்."

"நல்லவேளை, தடுத்தீங்க."

"பின்னே? இவன் உசிரு நான் காப்பாத்தினது. வேணும்னா இவனையே கேளுங்க."

இந்தப் பேச்சை அவர் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. உள்ளதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும். இறங்கி அக்கா தலையில் ஏறும்.

குனிந்து, அக்காவின் காலுக்கு அடியில் தலையணையைச் சரியாக வைத்தார்.

"ஆமாங்க. அன்னிக்கு அக்கா தடுக்கலைன்னா, இன்னிக்கு நான் இல்ல."